குறுக்குவில்லா, மூங்கில் வில்லா? ஒரு மரப்பட்டறைக்காரனின் கணக்கு

தை மாதம், மாமரம் பூவெடுத்திருந்த நேரம். அக்கா மகன் போச்சம்பள்ளியிலிருந்து பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்து நின்றான். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். கையில் ஒரு ரஃப் நோட்டு. அதில் துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒன்று, அதன் மூக்கில் குறுக்காக ஒரு வில், அடியில் ஒரு விசை. "மாமா, இது குறுக்குவில்லு. மத்த வேலைய நான் பாத்துக்கறேன், மெஷின மட்டும் நீங்க ஓட்டிக் குடுங்க" என்றான்.

கதவு, ஜன்னல், கட்டில் என்று 22 வருடமாக மரம் அறுக்கிறேன். முடியாது என்று ஒரே வார்த்தையில் துரத்தியிருக்கலாம். துரத்தினால் நேராக வெல்டிங் கடைக்குப் போவான். அங்கே அவனைவிட ஆர்வமாக இரண்டு பேர் இருப்பார்கள். அதனால் உட்கார வைத்து, டீ சொல்லி, "எதுக்குடா மாப்ளை?" என்று கேட்டேன்.

முதல் டீக்கு வந்த பதில், பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. கொஞ்ச நேரம் கழித்து, தோப்பில் குரங்கு ஒரு பிஞ்சைக்கூட விட்டு வைப்பதில்லை, தாத்தா புலம்புகிறார் என்றான். இரண்டாவது டீயும் முடிந்த பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா எய்து பாக்கணும் மாமா" என்றான். மூன்றாவதுதான் உண்மை. ஆனால் மற்ற இரண்டையும் பொய் என்று தள்ள முடியாது. கண்காட்சி, காவல், எய்து பார்ப்பது மூன்றும் மூன்று வேலைகள். ஒரே பொருளில் மூன்றையும் முடிக்கப் பார்த்தால் மூன்றும் கெடும். அன்று ராத்திரி அவனுக்காகப் போட்ட கணக்குத்தான் இது.

முதலில் இழுவைக் கணக்கு. வில்லோ குறுக்குவில்லோ, செய்கிற காரியம் ஒன்றுதான். வளைத்த மரம் நிமிரும்போது அம்பைத் தள்ளுகிறது. வளைக்க நாம் போட்ட உழைப்பு மரத்தில் தங்கியிருக்கும். எவ்வளவு தங்கும்? முழுதாக இழுத்த இடத்தில் இருக்கும் விசையில் பாதியை, நாண் பின்னால் வந்த தூரத்தால் பெருக்கினால் தோராயமாகக் கிடைக்கும். ஸ்பிரிங் பாடத்தில் அவன் ஏற்கெனவே படித்ததுதான். 30 பவுண்டு வில்லை எடுத்துக்கொள்வோம். 13.6 கிலோவைத் தூக்குகிற இழுப்பு. நாண் ஏறக்குறைய அரை மீட்டர் வரும். விசையை நியூட்டனில் போட்டால் 133, ஆக 33 ஜூல் உழைப்பு.

குறுக்குவில்லில் வில் குட்டை, அதனால் நாண் வரும் தூரமும் குட்டை. வீட்டில் செய்கிற அளவில் 20 சென்டிமீட்டர் கிடைத்தாலே அதிகம். அதே 33 ஜூல் வேண்டுமானால் இழுப்பை 75 பவுண்டுக்கு ஏற்ற வேண்டும். 34 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை நாணில் கட்டித் தொங்கவிட்டு, மேலே இன்னும் ஒன்பது கிலோ வைத்த மாதிரி. "அப்ப குறுக்குவில்லு பவர் கம்மியா?" என்று கேட்டான், முகம் வாடிப்போய். கம்மி இல்லை, அதே பவருக்கு இரண்டரை மடங்கு பாரம். அந்தப் பாரத்தை எந்நேரமும் யார் பிடித்துக்கொண்டிருப்பது என்பதுதான் என் கேள்வி.

கை வில்லில் அந்தப் பாரம் உன் விரலில் இருக்கிறது. இழுத்துப் பிடித்தால் பத்து நொடியில் தோள் நடுங்கும். யாராவது குறுக்கே வந்தால், கவனம் தப்பினால், மூச்சு வாங்கினால், தானாகவே நாணை மெல்லத் தளர்த்தி விடுவாய். உடம்பே காவல். குறுக்குவில்லில் பாரம் ஒரு கொக்கியில் இருக்கிறது. நீ டீ குடிக்கப் போனாலும், பின்னால் திரும்பிப் பேசினாலும், சின்னப் பிள்ளை வந்து எடுத்தாலும் அது அப்படியே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கொக்கிக்குக் கை வலிக்காது.

நம் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கும்போது 'வளைவிற்பொறி' என்று ஒன்று வருகிறது. வளைந்து தானே எய்யும் எந்திர வில் என்று அதற்கு உரை சொல்கிறார்கள். 'தானே எய்யும்' என்கிற அந்த இரண்டு சொல்லைத்தான் நான் பையனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். மதில்மேல் வைத்து எதிரியைப் பார்த்து நிறுத்தினால் அது சாமர்த்தியம். போச்சம்பள்ளி வீட்டுத் திண்ணையில் அதே குணம் ஆபத்து.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் பதினெட்டாவது வயது. அப்பா பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது தேக்குத் துண்டில் கட்டை செதுக்கி, மூங்கில் பட்டையில் வில் கட்டி, வேங்கை மரத்தில் கொக்கி வெட்டி ஒன்று செய்தேன். முதல் மூன்று முறை அருமையாக எய்தது. மரக் கொக்கியின் விளிம்பு ஒவ்வொரு முறையும் மயிரிழை தேய்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நான்காவது முறை நாண் ஏற்றி, வேலை மேஜைமேல் வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்கத் திரும்பினேன். மேஜையில் வைத்த அதிர்வே போதுமாக இருந்தது. குட்டை அம்பு எதிர்ச் சுவரில் சாய்த்திருந்த பிளைவுட்டில் போய்க் குத்தி நின்றது. ஒரு நிமிடம் முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. கட்டையை எடுத்துப்போய் வாள் மெஷினில் நாலு துண்டாக அறுத்துப் போட்டார். தேக்கு வீணாகிறதே என்றுகூடப் பார்க்கவில்லை.

சீனத்தில் ஷிஆன் நகருக்குப் பக்கத்தில், பேரரசர் ஒருவருக்குக் காவலாகப் புதைத்த மண்சிலைப் படை கிடைத்த குழிகளில் குறுக்குவில் விசைகளும் கிடைத்திருக்கின்றன. வெண்கலத்தில் வார்த்தவை, 2,200 வருடப் பழசு. மரம் செதுக்கத் தெரியாமலா வெண்கலத்தில் வார்த்தார்கள்? நாண் உரசுகிற அந்தக் கால் அங்குல இடத்துக்கு மரம் தாங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் 2,200 வருடம் கழித்துப் பிளைவுட்டில் வெட்டி, போல்ட் போட்டு, மொபைலில் வீடியோ எடுக்கிறோம்.

கொக்கிக்கு அடுத்தது வில். பையன் நோட்டில் மூன்று வழி எழுதி வைத்திருந்தான்: பிவிசி பைப், லாரி ஸ்பிரிங் பட்டை, மூங்கில்.

பைப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் சொட்டுநீர் போட்ட எந்தத் தோட்டத்திலும் துண்டுப் பைப் கிடக்கும், கை முதலில் அதற்குத்தான் போகும். பிவிசி 80 டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில் இளகும், தட்டையாக்கி வளைக்கலாம். அடுப்பில் காட்டிக் கருகவிட்டால் வருகிற புகை அமிலப் புகை, நெஞ்சைப் பிடிக்கும். அதைத் தாண்டிச் செய்துவிட்டாலும், வெயிலில் கிடந்த பைப் உள்ளுக்குள் நொறுநொறுவென்று ஆகியிருக்கும். இரண்டு வருடம் மொட்டை மாடியில் கிடந்த பைப்பைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் எப்படிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது என்று பட்டறை வாசலிலேயே காட்டினேன். வில்லாக வளைத்துப் பிடித்திருக்கும்போது அது தெறித்தால் சில்லு போகிற திசையில் முகம் இருக்கும். பைப் அதோடு ஒழிந்தது.

லாரி ஸ்பிரிங் பட்டை இந்த ஊரில் கிடைக்காத பொருள் இல்லை. பெங்களூர் ரோட்டிலும் சேலம் ரோட்டிலும் லாரிப் பட்டறைக்குப் பஞ்சமா? பையன்களுக்கு இதுதான் பெரிய சபலம், 'இரும்பு, உடையாது' என்று. அது உடையாமல் இருப்பதற்குக் காரணம், காய்ச்சிக் குளிர வைத்து அதற்குக் கொடுத்திருக்கும் பதம். கேஸில் வெட்டினால், கிரைண்டரில் நீலம் பாயும்வரை தேய்த்தால், அந்த இடத்தில் பதம் போய்விடும். அப்புறம் ஒன்று வளைந்தபடி நின்றுவிடும், அல்லது துருக்குழியில் விரிசல் ஆரம்பித்து ஒருநாள் சொல்லாமல் ஒடியும். லாரியில் ஒடிந்தால் டிரைவர் கீழே இறங்கித் திட்டுவார், அவ்வளவுதான். இது மார்புக்கு முன்னால் பிடிக்கிற பொருள். தவிர, அந்தப் பட்டையின் இழுப்புக்கு வெறும் கையால் நாண் ஏற்ற முடியாது. ஐரோப்பாவில் இரும்பு வில் வைத்த குறுக்குவில்களுக்கு ராட்டினம் மாதிரிச் சுற்றும் கைப்பிடி வைத்து நாண் ஏற்றினார்கள்.

அங்கே ராஜாக்களுக்கு இது பிடித்ததும் வேறு காரணத்துக்குத்தான். நல்ல வில்லாளி உருவாகப் பல வருடம் ஆகும். குறுக்குவில்லை ஒரு விவசாயியின் கையில் கொடுத்தால் சில வாரத்தில் குறி வைப்பான். இதனாலேயே பெரிய மனிதர்களுக்கு அதன்மேல் பயம். 1139-ல் ரோமில் கூடிய திருச்சபைச் சங்கம் கிறிஸ்தவர்மேல் வில்லையும் குறுக்குவில்லையும் எய்யக் கூடாது என்று தடையே போட்டது. தடையை யார் மதித்தார்கள்? இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டு 1199-ல் பிரான்சில் ஒரு சின்னக் கோட்டையை முற்றுகையிட்டபோது, மதிலிலிருந்து வந்த குறுக்குவில் அம்பு தோளில் தைத்து, புண் அழுகிச் செத்தார். பழகாதவன் கையிலும் சட்டென்று பலிக்கிறது என்பது படைக்குப் பெருமை. பதினாறு வயதுப் பையன் இருக்கும் வீட்டுக்கு அதுவே ஆகாத குணம்.

தோப்புக் காவல் விஷயத்துக்கு வருகிறேன், இதில் தாத்தாவுக்கும் பங்கு உண்டு. குரங்கு, மயில், காட்டுப்பன்றி தொல்லையை நான் சின்னதாகச் சொல்லவில்லை. பூவெடுத்ததிலிருந்து காய் இறங்கும்வரை ராத்தூக்கம் இல்லாதவர்கள் சந்தூர்ப் பக்கம் எத்தனையோ பேர். ஆனால் வில்லோ குறுக்குவில்லோ இதற்கு மருந்து இல்லை. ஒரு குரங்கின்மேல் அம்பு பட்டால் மற்ற நாற்பது குரங்கும் பக்கத்து மரத்துக்குப் போகும், அவ்வளவே. அடிபட்டது ஓடிப்போய் மூன்று நாள் எங்கேயோ கிடந்து சாகும். அதைப் பார்க்கிற மனசு அந்தத் தாத்தாவுக்கே கிடையாது.

சட்டமும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் துப்பாக்கி, கண்ணி, வலை, விஷத்தோடு வில் அம்பும் பெயர் சொல்லியே வருகிறது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம், எய்திருக்கக்கூட வேண்டாம். பையனின் அப்பா வீடு அஞ்செட்டிப் பக்கம். காவிரி வடக்குச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்ட பிறகு அங்கே காட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே இருப்பது சில இடத்தில் ஒரு வண்டித்தடம்தான். லீவுக்குப் போகும்போது பையில் குறுக்குவில்லோடு அந்தத் தடத்தைத் தாண்டினால், 'கண்காட்சிக்குச் செய்தேன் சார்' என்று வனக்காவலரிடம் சொல்லி நிற்க வேண்டியதுதான். 1959 ஆயுதச் சட்டமும் தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்த பொருளை ஆயுதம் என்றே பார்க்கிறது. நாட்டுத் துப்பாக்கிக்குப் பேர்போன மலையோரம் இது. ஸ்டேஷனில் இந்த மாதிரிப் பொருளை விளையாட்டுச் சாமான் என்று பார்ப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

காவலுக்குத் தகரம், வெடிச்சத்தக் குழாய், வலை, நாய் என்று தாத்தாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பயிர் போனால் வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கலாம். இரண்டாவது காரணம் இப்படி முடிந்தது.

உண்டிவில்லைப் பற்றியும் கேட்டான். ரப்பரும் கவட்டைக் குச்சியும் இருந்தால் அரை மணியில் ஆகிவிடும், செலவும் இல்லை. ஆனால் கல் தெறித்துத் திரும்பி வரும், கண்ணைக் கெடுக்கும், கையில் இருந்தால் ஓணானையும் மைனாவையும் விடத் தோன்றாது. நான் வேண்டாம் என்றேன், அவனும் அதற்காக வந்தவன் இல்லை. ஆன்லைனில் கைக்கு அடக்கமாக ஒரு குறுக்குவில் விற்கிறார்கள், விளையாட்டுப் பொருள் என்று எழுதியே விற்கிறார்கள். படத்தைக் காட்டினான். அதுவும் அதே கொக்கி, அதே கதை. செய்கிற சந்தோஷமும் இல்லை.

கண்காட்சிக்கு நான் சொன்ன வழி அவனுக்கு முதலில் அவமானமாக இருந்தது. ஐஸ் குச்சி, ரப்பர் பேண்டு, துணி மாட்டும் கிளிப். கையளவு மாதிரி. எய்வது பல் குத்தும் குச்சி அல்ல, கூர் இல்லாத காதுப் பஞ்சுக் குச்சி. "இத வெச்சு சிரிப்பாங்க மாமா" என்றான். சிரிக்கட்டும், பக்கத்தில் ஒரு அட்டையில் அவனுடைய கணக்கை வைக்கட்டும். நாணை 2 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டர் இழுத்தால் குச்சி எவ்வளவு தூரம் போகிறது? ரப்பரை ஒன்றிலிருந்து இரண்டாக்கினால்? தள்ளும் விசையை அளக்கச் சின்னத் தராசு. வரைபடத்தாளில் கோடு போட்டுக் காட்டினால் கேட்கிற ஆசிரியருக்கு அதில் பேச நிறைய இருக்கும். பெரிய குறுக்குவில்லைக் கொண்டுபோனால் தலைமையாசிரியர் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார், வரைபடத்தை யார் பார்ப்பது?

இனி மூன்றாவது காரணம், எய்து பார்க்கிற ஆசை. இதற்கு என் ஓட்டு மூங்கில் வில்லுக்கு. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், எனக்குப் பிடித்த வேலை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஏரிக்கரையிலும் கொல்லையிலும் நடுகல் நிற்கும். தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் வில்லோடும் வாளோடும் நிற்பான், சில கல்லில் அவன் உடம்பில் அம்பும் தைத்திருக்கும். அந்தக் கல்வெட்டுகளைப் படிக்கிற படிப்பு எனக்கு இல்லை. ஆனால் தச்சன் கண்ணால் வில்லைப் பார்த்தேன்: ஒரே துண்டு, ஒரே வளைவு. கொக்கி இல்லை, ஆணி இல்லை. கெட்டுப்போக அதில் பாகமே இல்லை.

மூங்கிலில் கல்மூங்கில்தான் வேண்டும், உள்ளே கிட்டத்தட்டக் கெட்டியாக இருப்பது. பட்டா நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்ட இப்போது தடை இல்லை. 2017-ல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். காட்டில் வெட்டுவது வேறு கதை, அதைத் தொட வேண்டாம். சாரம் கட்டும் மூங்கில் கடையில் மலிவு. அதில் பாதி வெயிலில் வெடித்திருக்கும், பாதியில் வண்டு துளைத்த மாவு கொட்டும். தட்டிப் பார்த்து, கணு நெருக்கமாக இருக்கிற, மூன்று வயதுக்குக் குறையாத கழியாக எடுக்க வேண்டும். தேய்பிறையில் வெட்டினால் வண்டு வராது என்பார்கள். பிறையைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் வெட்டிய மூங்கிலைச் சில வாரம் ஓடும் தண்ணீரில் போட்டு வைத்தால் மாவுச்சத்து கரைந்து வண்டுக்குத் தீனி குறைகிறது, அதை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

கழியைப் பிளந்து, ஆள் உயரத்துக்கு நாலு விரல் குறைவாக, 4 சென்டிமீட்டர் அகலத்தில் பட்டை எடுப்பது. பச்சைத் தோல் இருக்கும் பக்கம் எதிரியைப் பார்க்க வேண்டும், உள்பக்கம் எய்பவனைப் பார்க்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்வது இங்கேதான். மூங்கிலின் நார் தோல் பக்கம்தான் நெருக்கமாக இருக்கும். வில்லை வளைக்கும்போது வெளிப்பக்கம்தான் இழுபடுகிறது. இழுப்பைத் தாங்க நார் வேண்டும். எனவே தோல் பக்கத்தில் இழைப்புளி படக் கூடாது. கணுவின் முண்டை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தடவலாம். சீவுவதெல்லாம் உள்பக்கம்.

அப்புறம்தான் பொறுமை. பச்சை மூங்கிலை வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், நிமிராது. நிழலில் இரண்டு மூன்று மாதம் காய வேண்டும். விறகடுப்புக்கு மேலே பரணில் கிடந்தால் இன்னும் நல்லது. காய்ந்த பின் நடுவில் பிடி கனமாகவும் இரண்டு நுனிக்கும் போகப் போக ஒல்லியாகவும் சீவி, லேசாக வளைத்துப் பார்ப்பது. ஒரு பக்கம் அதிகம் வளைந்தால் மறுபக்கத்தில் பத்து சீவு. மறுபடி வளைப்பு. சுவரில் கரிக்கோடு போட்டு, வில்லைச் சுவரோரம் ஆணியில் மாட்டி, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளில் இதை முடித்தேன் என்று சொல்கிறவனை நான் நம்ப மாட்டேன். கடைசி இருபது சீவில்தான் வில் வில்லாகிறது. அவசரத்தில் இருபத்தைந்து சீவினால் விறகாகிறது. அதியமானின் ஆயுதமெல்லாம் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று ஔவையார் பெருமையாகச் சொன்னாரே, அந்த அதியமானின் சீமைதான் இது. என் பட்டறை மூலையில் முறிந்து கிடக்கும் மூன்று வில் போருக்குப் போனவை இல்லை, சீவிக் கெட்டவை.

நாணுக்கு நைலான் கயிறு வேண்டாம், அது இழுபடும், வில்லின் உழைப்பைத் தின்றுவிடும். பாலியெஸ்டர் நூலைப் பத்துப் பன்னிரண்டு இழை முறுக்கி மெழுகு தேய்த்தால் போதும். அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுவதும் வில்லுக்கே திரும்பி வந்து அதை உடைக்கும். அம்புக்கு நேரான மூங்கில் குச்சி, வாலில் சேவல் இறகு, நுனியில் கூருக்குப் பதில் ரப்பர் புஷ்.

இழுப்பு 15 பவுண்டிலிருந்து 20-க்குள் இருக்கட்டும். கேஸ் சிலிண்டரைத் தூக்கி எடை பார்க்கிற தொங்கு தராசைக் கொக்கியில் மாட்டி அளக்கலாம். "அது குழந்தைங்க வில்லு மாமா" என்று சண்டைக்கு வந்தான். 30 பவுண்டு வில் வேண்டுமாம். சரி என்று அதற்கும் கணக்குப் போட்டோம். 33 ஜூலில் 20 ஜூல் அம்புக்குப் போனால், 25 கிராம் அம்பு நொடிக்கு 40 மீட்டர், மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும். சாய்த்து விட்டால் காற்றுத் தடையைக் கழித்தும் நூறு மீட்டர் தாண்டும். அவர்கள் தோப்பு அவ்வளவு நீளம் இல்லை, அந்தப் பக்கம் ரோடு. அவனே நோட்டில் 30-ஐ அடித்துவிட்டு 18 என்று எழுதினான்.

எய்கிற இடமும் முடிவு செய்தாகிவிட்டது. பழைய கிணறு வெட்டியபோது கொட்டிய மண்மேடு தோப்பின் மேற்கு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அதன் முன்னால் பழைய துணி திணித்த சாக்கு இரண்டு. தாத்தாவோ நானோ பக்கத்தில் இல்லாமல் வில் பட்டறையை விட்டு வெளியே போகாது.

இதையெல்லாம் தாண்டி ஒரு வழி இருக்கிறது, நியாயமாகப் பார்த்தால் அதுதான் நல்ல வழி: முறையாக வில்வித்தை கற்பது. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தில் 122 சென்டிமீட்டர் பலகை; நடுவில் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர், டிபன் தட்டில் பாதிகூட இல்லை. நம் நாட்டுப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்று மூங்கில் வில்லுக்கே தனிப் பிரிவு உண்டு, விலை உயர்ந்த வெளிநாட்டு வில் வாங்க முடியாத பிள்ளைகள் அதில்தான் தொடங்குகிறார்கள். கையே இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில் பிடித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் வெண்கலம் வாங்கியதைப் பையனுக்குக் காட்டினேன், வாயைத் திறந்தபடி நாலு முறை பார்த்தான். குறுக்குவில்லுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடையாது. அதில் எவ்வளவு தேர்ந்தாலும் ஒலிம்பிக் வரை போக ஏணி இல்லை என்பது அவனுக்குக் கொஞ்சம் உறைத்தது. சிக்கல் தூரமும் பணமும். பயிற்சிக்குப் பெங்களூர் போகலாம் என்றால், ஓசூரிலிருந்தே 40 கிலோமீட்டர்; போச்சம்பள்ளியிலிருந்து அது வாரா வாரம் போகிற தூரம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள், அதற்குமேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

ஆக, கண்காட்சிக்கு ஐஸ் குச்சி, தோப்புக்குத் தகரம், ஆசைக்கு மூங்கில். ஐஸ் குச்சி மாதிரியை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டான். பட்டறையில் சோதித்தபோது பஞ்சுக் குச்சி மூன்று மீட்டர் போய் ஃபெவிகால் டப்பாவுக்குள் விழுந்தது.

மூங்கிலில் இரண்டு பட்டை எடுத்து வைத்திருக்கிறோம், ஒன்று கெட்டால் ஒன்று. காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க எடை போடுவதுதான் வழி. வாரா வாரம் எடை குறைந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றால் காய்ந்தது. சனிக்கிழமை மத்தியானம் பஸ் இறங்கியதும் பையன் டீகூடக் கேட்பதில்லை, நேராகத் தராசுக்குப் போகிறான். போன வாரம் பெரிய பட்டை 415 கிராம். இந்த வாரம் 412. "இன்னும் இறங்குது மாமா" என்று நோட்டில் எழுதிவிட்டு, பட்டையைப் பரணில் திரும்ப வைத்தான்.